வர்த்தகர்களுக்கான மின்வழிப் பணவசூல்: பாங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அதனை நடத்தும் முறை

நெல் களத்தில் குவிந்து கிடக்கும் வரையில் அது மகசூல் ஆகாது. பத்தாயத்தில் விழுந்த பின்பே மகசூல் எனப்படும் என்பது குடியானவர் யாவரும் அறிந்த உண்மை. களத்திற்கும் பத்தாயத்திற்கும் இடையில் மழை வரலாம், கள்வர் வரலாம், அளவில் பிசகு நேரலாம். பணத்தின் விஷயமும் இத்தன்மையதே. முற்காலத்தில் ரொக்கம் கைமாறியவுடன் வியாபாரம் முடிந்தது. இக்காலத்திலோ வாங்குவோர் கைபேசியைத் தூக்கிக் காட்டி, ‘பணம் அனுப்பியாயிற்று’ என்று சொல்லிச் சரக்கை ஏற்றிச் செல்கின்றனர். அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பணம் விற்றவருடைய கணக்கில் வந்து விழுந்ததா என்பதை அவ்விடத்திலேயே பார்த்துக்கொள்பவர் சிலரே.

ஒரு குடியானவர் தம் தோட்டத்தில் இருபது மூட்டை சின்ன வெங்காயத்தை எடை போட்டுக் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். வாங்க வந்தவர் கைபேசியில் பச்சை நிறக் குறியொன்றைக் காட்டுகின்றார். தொகையும் பெயரும் சரியாகவே தோன்றுகின்றன. வண்டி புறப்பட்டுப் போய்விடுகின்றது. மறுநாள் பாங்கிக்குப் போய்ப் பார்க்கும்போது ஒரு காசும் வரவாகவில்லை. காட்டப்பட்டது பணம் அனுப்பிய அத்தாட்சி அன்று. அத்தாட்சியைப் போல் தயாரிக்கப்பட்ட வெறும் படம். ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் கை நழுவிப் போயிற்று. இத்தகைய நஷ்டத்தைத் தடுக்கும் வழி கடினமானதன்று. மின்வழி வசூல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைத் தெரிந்துகொண்டு, அன்றாடக் கணக்கை அன்றாடம் சரிபார்ப்பதே அவ்வழி.

1. இம்முறை ஏற்பட்ட வரலாறு

நம் நாட்டில் பாங்கிகளுக்கிடையே சில்லறைப் பணப்பட்டுவாடாவைப் பொதுவாக நடத்துவதற்கென இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2008-ம் ஆண்டில் நிறுவப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் ஒரு பாங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு பாங்கிக் கணக்கிற்கு உடனடியாகப் பணம் செல்லும் ஏற்பாட்டை அக்கழகம் 2010-ல் தொடங்கியது. ரூபே என்னும் உள்நாட்டு அட்டை 2012-ல் வந்தது. கைபேசியின் மூலம் எளிதாகப் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016-ல் ஏற்பட்டது. கணக்கு எண்ணையும் பாங்கிக் கிளையின் குறியீட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டிய சிரமம் இதனால் நீங்கியது. கடையில் ஒட்டப்பட்ட கியூ.ஆர். என்னும் சதுரக் குறியைக் கைபேசியால் நோக்கினால் போதும் என்றாயிற்று. உழவர் சந்தைக் கடைகளிலும், உரக்கடைகளிலும், கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களிலும் இக்குறி இன்று காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

2. பணம் செல்லும் வழி

வாங்குபவரின் கைபேசிக்கும் விற்பவரின் கணக்கிற்கும் நடுவில் நால்வர் உள்ளனர். முதலாவது, வாங்குபவர் கணக்கு வைத்திருக்கும் பாங்கி. இரண்டாவது, விற்பவரின் கணக்கை வைத்திருந்து அவருக்காக வசூல் செய்யும் பாங்கி. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் நடுவே செய்தியைக் கொண்டு செல்லும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். நான்காவது, கைபேசியில் உள்ள செயலியை நடத்தும் ஸ்தாபனம்.

வாங்குபவர் குறியை நோக்கித் தொகையைக் குறிப்பிட்டு, தமது இரகசிய எண்ணைப் பதிகின்றார். உடனே அவருடைய பாங்கி அவ்வெண்ணைச் சோதித்து, கணக்கில் போதிய இருப்பு உண்டா என்று பார்த்துப் பற்று எழுதுகின்றது. பின்னர் விற்பவருடைய பாங்கிக்குச் செய்தி செல்கின்றது. அது வரவு எழுதி மறுமொழி அனுப்புகின்றது. இவையனைத்தும் சில நொடிகளில் முடிகின்றன. பாங்கிகள் தமக்குள் கொடுக்க வேண்டியதையும் பெற வேண்டியதையும் நிகரம் கட்டித் தீர்த்துக்கொள்வது மட்டும் நாளொன்றுக்குப் பல தவணைகளாக ரிசர்வ் பாங்கியில் உள்ள கணக்குகளின் வழியே நடைபெறுகின்றது.

இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. யு.பி.ஐ. முறையில் செயலி என்பது தபால்காரரைப் போன்றது. பணம் இருப்பது பாங்கியிலேயே. ஆகையால் பணம் வந்ததற்கு அத்தாட்சி விற்பவருடைய பாங்கிக் கணக்கே அன்றி, வாங்குபவருடைய கைபேசித் திரை அன்று. சில இடங்களில் பாங்கிக்கும் வர்த்தகருக்கும் நடுவில் வசூல் ஸ்தாபனம் ஒன்று நின்று, பணத்தை முதலில் தன் பொறுப்பில் பெற்றுப் பின்னர் வர்த்தகருக்கு அனுப்புவதும் உண்டு. அத்தகைய ஸ்தாபனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளுமுன் அது ரிசர்வ் பாங்கியின் அனுமதி பெற்றதா என்பதையும், எத்தனை நாளில் பணம் கொடுக்கும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

3. கணக்கு யார் பெயரில் இருத்தல் வேண்டும்

வர்த்தகர் ஒருவரை இச்சேவையில் சேர்த்துக்கொள்ளுமுன், பாங்கி அவருடைய அடையாளம், விலாசம், தொழில், கடை இருக்கும் இடம் ஆகியவற்றை ஆராய வேண்டும். இதனை வெறும் சடங்காகக் கருதலாகாது. பொய்ப் பெயரில் வர்த்தகராகச் சேர்ந்தவன் பலரிடம் பணம் பறித்துவிட்டு மறைந்தால், அப்பழி அவனைச் சேர்த்துக்கொண்ட பாங்கியையே சேரும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நிலை தனித்துக் கவனிக்க வேண்டியதாகும். 1904-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டிலேயே திரூரில் சங்கம் தொடங்கப்பட்ட நாள் முதல், நம் கிராமங்களில் கடனும் உரமும் விதையும் வழங்கி வருபவை இச்சங்கங்களே. ஆயினும் சட்டப்படி இவை பாங்கிகள் அல்ல. ஆகவே சங்கம் தானாகவே மின்வழி வசூல் சேவையை நடத்த இயலாது. மாவட்ட மத்திய கூட்டுறவு பாங்கியிலோ வேறு பாங்கியிலோ சங்கத்தின் பெயரில் கணக்கு வைத்து, அதன் மூலமே குறியைப் பெற வேண்டும்.

சில சங்கங்களில் அவசரத்திற்காகச் செயலாளர் அல்லது விற்பனையாளர் தம் சொந்தக் கணக்கின் குறியையே மேசைமேல் வைத்து விடுகின்றனர். ‘மாலையில் சங்கக் கணக்கில் கட்டிவிடலாம்’ என்பது அவர்களுடைய எண்ணம். இது பெருந்தவறு. எண்ணம் நேர்மையானதாயினும், சங்கப் பணமும் சொந்தப் பணமும் ஒரே கணக்கில் கலந்தபின் பிரித்துக் காட்டுதல் அரிது. தணிக்கையில் ஒரு தொகை பொருந்தாவிடில் கையாடல் என்னும் குற்றச்சாட்டு எழும். பல ஆண்டுகளின் நற்பெயர் ஒரே நாளில் அழியும். குறியை நோக்கியவுடன் திரையில் சங்கத்தின் பெயர் தோன்றாவிடில், உறுப்பினர்கள் பணம் செலுத்தாமல் காரணம் கேட்க உரிமை உடையவர்கள்.

4. குறியும் கருவிகளும்

கடையில் ஒட்டப்படும் குறி நிலையானது. தொகையை வாங்குபவரே பதிய வேண்டும். கருவியின் திரையில் ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாகத் தோன்றும் குறியில் தொகையும் அடங்கியிருக்கும். பின்னதில் தொகைத் தவறு நேர்வது குறைவு. பணம் வரவானதைக் குரலால் அறிவிக்கும் ஒலிப்பெட்டி வாங்குபவரின் கைபேசியைச் சார்ந்ததன்று. விற்பவருக்கு வசூல் செய்து கொடுக்கும் ஸ்தாபனமே செய்தி அனுப்புகின்றது. ஆகையால் அது திரையில் காட்டப்படும் படத்தைவிட நம்பத்தக்கது. ஆயினும் சந்தை இரைச்சலில் வேறு கடையின் ஒலியைத் தம் கடையினுடையது என்று எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு. அறிவிக்கப்பட்ட தொகை சீட்டின் தொகையோடு ஒத்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டல் அவசியம்.

இரவில் கடையின் வெளிப்புறம் ஒட்டிய குறியின்மேல் தம் குறியை ஒட்டிச் செல்லும் வஞ்சகரும் இருக்கின்றனர். காலையில் கடை திறந்தவுடன் வேறொரு கைபேசியால் குறியை நோக்கி, ஒரு ரூபாய் செலுத்தி, அது தம் கணக்கில் வந்ததா என்று பார்த்தல் நல்ல வழக்கம்.

உரக்கடைகளில் உள்ள பி.ஓ.எஸ். கருவியைப் பற்றி ஒரு குழப்பம் பரவியுள்ளது. 2018-ம் ஆண்டு முதல் நாடெங்கும் மானிய உரம் வாங்குவோர் அக்கருவியில் ஆதார் எண் கொடுத்துக் கைரேகை முதலியவற்றால் தம்மை அடையாளம் காட்டி வருகின்றனர். விற்பனை அதில் பதிவான பின்னரே உற்பத்தி ஸ்தாபனத்திற்கு மானியம் கிடைக்கும். அக்கருவியில் கைரேகை வைத்தல் விற்பனையைப் பதிவு செய்வதேயன்றி விலையைச் செலுத்துவதன்று. அட்டையைத் தேய்த்துப் பணம் பெறும் இயந்திரம் வேறு. இரண்டும் ஒரே மேசையில் இருத்தலால், கைரேகை வைத்ததுமே பணம் போய்விட்டது என்று எண்ணுவோரும் உளர். விற்பனையாளர் வேற்றுமையை விளக்கி, உரத்திற்கும் பணத்திற்கும் தனித்தனியே சீட்டுக் கொடுத்தல் வேண்டும்.

5. கட்டணம்

யு.பி.ஐ. மூலமாகவும் ரூபே பற்று அட்டை மூலமாகவும் பெறும் பணத்திற்கு வர்த்தகரிடம் கழிவு பிடித்தலாகாது என்னும் விதி 2020 ஜனவரி 1 முதல் ஏற்பட்டது. பிற பற்று அட்டைகளுக்கு 2018 ஜனவரி 1 முதல் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. ஆண்டு விற்பனை ரூ. 20 லட்சத்திற்கு மேற்படாத சிறு வர்த்தகரிடம் இயந்திரத்தின் மூலம் பெறும் தொகையில் நூற்றுக்கு 40 காசும், ஒரு விற்பனைக்கு ரூ. 200-ம் அவ்வரம்பாகும். இதன்படி ரூ. 5,000 பெறுமான விற்பனைக்கு ரூ. 20-க்கு மேல் கழிவு பிடிக்கலாகாது. இக்கழிவை வாங்குபவர் தலையில் ஏற்றுவதையும் ரிசர்வ் பாங்கி அனுமதிக்கவில்லை. கடன் அட்டைகளின் கழிவு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒலிப்பெட்டிக்கும் இயந்திரத்திற்கும் மாத வாடகை வாங்குவதும் உண்டு. கையொப்பமிடுமுன் இவற்றை எழுத்தில் பெற்று வைத்தல் நலம்.

6. மாலைக் கணக்கு

இச்சேவையின் உயிர்நிலை மாலைக் கணக்கே. ஓர் உதாரணம் காண்போம். ஒரு சங்கத்தின் உர விற்பனை நிலையத்தில் ஒரு நாளில் 46 சீட்டுகள் எழுதப்பட்டன. அவற்றின் மொத்தம் ரூ. 83,740. இதில் ரொக்கம் ரூ. 31,290, யு.பி.ஐ. ரூ. 44,150, அட்டை ரூ. 8,300. மூன்றையும் கூட்டினால் ரூ. 83,740 ஆகின்றது. ஆகவே சீட்டுக் கணக்கு சரி.

இதனோடு நிறுத்திவிட்டால் வேலை பாதிதான் முடிந்ததாகும். ரொக்கத்தைப் பெட்டியில் எண்ண வேண்டும். மற்றதைப் பாங்கிக் கணக்கில் எண்ண வேண்டும். பாங்கியின் பட்டியலில் அன்று யு.பி.ஐ. வரவு ரூ. 41,450 மட்டுமே காணப்படுகின்றது. வித்தியாசம் ரூ. 2,700. அட்டைத் தொகை ரூ. 8,300 மறுநாளே வரவாகும் என்பது ஒப்பந்தமாயின், அது நிலுவை என்று எழுதப்படும். அதனைக் குறைவு என்று கொள்ளலாகாது. ரூ. 2,700 எங்கே போயிற்று என்று தேட வேண்டும்.

ஒவ்வொரு யு.பி.ஐ. பற்றுவரவிற்கும் 12 இலக்கங்கள் கொண்ட குறிப்பு எண் ஒன்று உண்டு. விற்பனையாளர் சீட்டின் மூலையில் அவ்வெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையாவது எழுதி வைத்திருந்தால், பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 27-ம் எண் சீட்டின் பணமே வரவில்லை என்று கால் மணி நேரத்தில் கண்டுபிடித்து விடலாம். எழுதி வைக்கவில்லையாயின் நாற்பத்தாறு பேரையும் தேடிப் போக வேண்டியதுதான்.

27-ம் எண் சீட்டிற்குரியவரை விசாரித்தால் மூன்றில் ஒரு காரணம் வெளிப்படும். முதலாவது, அவர் கணக்கில் பற்று எழுதப்பட்டுச் சங்கத்தின் கணக்கில் வரவு எழுதப்படாமல் நடுவில் நின்றிருக்கலாம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி பிறப்பித்த உத்தரவின்படி, வர்த்தகருக்குச் செலுத்திய பணம் இவ்வாறு நின்றுவிட்டால், செலுத்திய நாளுக்கு அடுத்த ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே செலுத்தியவர் கணக்கிற்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் பாங்கி ஈடு செய்ய வேண்டும். தனிமனிதர் தனிமனிதருக்கு அனுப்பிய யு.பி.ஐ. பணத்திற்கு இத்தவணை ஒரு நாளே. பணம் திரும்பியபின் அவரிடம் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, பணம் வேறொருவர் குறிக்குப் போயிருக்கலாம். உடனே குறியைச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, பணம் அனுப்பப்படாமலே படம் மட்டும் காட்டப்பட்டிருக்கலாம். நாணயமான உறுப்பினரை மூன்றாம் வகையில் சேர்த்து அவமதிப்பதும் தவறு. மோசக்காரனை முதல் வகையில் சேர்த்து ஐந்து நாள் காத்திருப்பதும் தவறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது அக்குறிப்பு எண்ணே.

7. வஞ்சகங்கள்

பணம் பெறுவதற்கு இரகசிய எண் எக்காலத்தும் தேவையில்லை. ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியை நோக்கி எண்ணைப் பதியுங்கள்’ என்று எவரேனும் சொல்வாராயின், அவர் பணம் பறிக்க வந்தவரே. மாடு விற்பதாகவோ டிராக்டர் விற்பதாகவோ விளம்பரம் செய்த குடியானவர்கள் இவ்வாறு ஏமாற்றப்படுகின்றனர்.

‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்பது மற்றொரு தந்திரம். முதலில் தம் கணக்கில் அத்தொகை வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்திருந்தால், பாங்கியின் மூலமாகவே அனுப்பியவரின் அதே கணக்கிற்குத் திருப்புதல் தக்கது. அவர் சொல்லும் வேறு எண்ணுக்கு அனுப்பலாகாது. பாங்கி உத்தியோகஸ்தர் என்று சொல்லிக் கைபேசியில் செயலி ஏற்றச் சொல்பவரையும் நம்பலாகாது.

பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்து, பாங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறி வெளியேறுமுன் தடுப்பதற்கு முதல் சில மணி நேரமே ஏற்றது. மானத்திற்கு அஞ்சி மறைத்தல் வஞ்சகனுக்கே உதவி செய்வதாகும்.

8. நேர்மையானவர் கணக்கிற்கும் தடை நேரலாம்

ஓரிடத்தில் திருடப்பட்ட பணத்தைக் கொண்டு ஒருவன் கடையில் சரக்கு வாங்கினால், புகாரின் தொடர்ச்சியாக அக்கடைக்காரர் கணக்கிலும் அத்தொகைக்குத் தடை விதிக்கப்படலாம். சில வேளைகளில் முழுக் கணக்குமே முடக்கப்படுகின்றது. பயிர்க் காலத்தில் இது நேர்ந்தால், கூலி கொடுக்கவும் உரம் வாங்கவும் வழியின்றித் திகைக்க நேரும். இச்சமயத்தில் கைகொடுப்பது சீட்டுப் புத்தகமே. இன்ன தேதியில், இன்ன சரக்கு, இன்ன விலைக்கு, இன்ன குறிப்பு எண்ணுள்ள பணத்திற்கு விற்கப்பட்டது என்று காட்டக்கூடியவர், அவ்வத்தாட்சியோடு பாங்கியையும் புகாரை விசாரிக்கும் காவல் நிலையத்தையும் அணுகித் தடை நீக்கம் கோரலாம். சீட்டில்லாதவர் கோரிக்கைக்கு ஆதாரம் குறைவு. வசூல் கணக்கையும் குடும்பச் சேமிப்புக் கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்வதும் இத்தகைய வேளையில் உதவும்.

பாங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாட்கள் ஆகியும் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி அளிக்காவிடினும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். புகாரின் எண்ணும் தேதியும் குறித்து வைத்திருத்தல் அவசியம்.

9. பெருந்தொகைகள்

நெல், கரும்பு, பருத்தி முதலியவற்றின் விலையாக வரும் பெருந்தொகைகளுக்கு யு.பி.ஐ. எப்போதும் ஏற்றதன்று, தனிமனிதருக்கு அனுப்புவதற்குச் சாதாரணமாக நாளொன்றுக்கு ரூ. 1 லட்சம் வரம்பு உண்டு. இதற்கு நெப்ட் என்னும் முறை உகந்தது. 2019 டிசம்பர் முதல் விடுமுறையின்றி எந்நேரமும் நடைபெறும் இம்முறையில், அரை மணிக்கு ஒரு தடவை பாங்கிகள் கணக்குத் தீர்க்கின்றன. ஆகவே பணம் உடனே வராமல் சிறிது நேரம் கழித்து வருவது இயல்பு. ‘அனுப்பியாயிற்று, வந்துவிடும்’ என்று வியாபாரி சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் வரும் வரையில் வண்டி களத்தில் நிற்பதில் தவறில்லை. நாணயமான வியாபாரி அதற்கு வருந்தமாட்டார்.

10. நினைவிற்கொள்ள வேண்டியவை

(1) சங்கத்தின் வசூல் சங்கத்தின் கணக்கிலேயே விழுதல் வேண்டும்.
(2) காலையில் குறியைச் சோதித்தல் வேண்டும்.
(3) சரக்கு நகருமுன் தம் கணக்கில் வரவைப் பார்த்தல் வேண்டும்.
(4) ஒவ்வொரு சீட்டிலும் குறிப்பு எண்ணை எழுதுதல் வேண்டும்.
(5) மாலையில் சீட்டையும், பெட்டியையும், பாங்கிப் பட்டியலையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மறுநாளைக்கு ஒத்திப் போடாமல் எழுதி வைத்தல் வேண்டும்.
(6) பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைப் பதியலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்களும் சங்கச் செயலாளர்களும் இவ்விஷயங்களை உறுப்பினர் கூட்டங்களில் எடுத்துச் சொல்லி, எழுத்து வாசனை குறைந்தவர்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பியும் பெற்றும் செய்து காட்டுதல் நலம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதவாறே, திரையில் தோன்றும் தொகை வீட்டுச் செலவிற்கு உதவாது. கணக்கில் விழுந்து, சீட்டோடு பொருந்திய தொகையே பத்தாயத்தில் விழுந்த நெல்லாகும்.